சுங்கை சிப்புட் ஈரத்தில் நான்கு பாஸ் கித்தார்கள்

என் வீட்டு முன்னறையில், கித்தார் மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில், காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறிய கருவி ஒன்று தொங்குகிறது. விடியற்காலையில் அதன் முள் 90 விழுக்காட்டை நெருங்கி நிற்கும்; பிற்பகல் வெயிலில் 65க்கு இறங்கும்; மாலையில் மழை கொட்டியதும் மறுபடி ஏறிவிடும். கித்தார் செய்பவர்கள் தங்கள் மரத்துக்கு உகந்தது என்று சொல்வது ஏறத்தாழ 45 முதல் 55 வரை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் குளிரூட்டி இல்லாத என் வீட்டில் அந்த அளவை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இசைக்குழுவில் அடிநாதம் வாசிக்கும் பாஸ் கித்தாரில் நல்ல உயர்ரகம் ஒன்றை வாங்குவதற்காக எட்டு ஆண்டுகள் பணம் சேர்த்த நான், கடைசியில் எதை வாங்கினேன், எவற்றை விட்டேன், ஏன் விட்டேன் என்று எழுத உட்காரும்போது, அந்த முள்ளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

வார நாள்களில் நான் ஒரு செம்பனை ஆலையில் பொருத்துநர். வார இறுதிகளில் ஓர் இசைக்குழுவில் பாஸ் வாசிக்கிறேன். இதில் 22 ஆண்டுகள் கடந்துவிட்டன. திருமண மண்டபம், கோயில் திருவிழா மேடை, தோட்டத்துத் தீபாவளி ஒன்றுகூடல் என்று பேரா மாநிலத்தின் வட பகுதி முழுவதும் சுற்றியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளும் என்னுடன் வந்தது இந்தோனேசியாவில் செய்யப்பட்ட, ஆயிரம் மலேசிய வெள்ளிக்கும் குறைவான ஒரு கித்தார். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதன் கழுத்து வளையும். கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளில் ஐந்தாவதற்கு மேலே தந்தி தடதடக்கும். கழுத்தை நிமிர்த்த அதனுள் ஓடும் டிரஸ் ராட் என்னும் கம்பியைத் திருகுவேன். வெயில் காலம் வந்ததும் மறுபக்கம் திருகுவேன். சென்ற ஆண்டு அந்தத் திருகு அதன் எல்லைக்குப் போய் நின்றுவிட்டது. கையில் 14,000 வெள்ளி இருந்தது. இனி வாங்குவது ஓய்வுபெறும் வரை கூட வரவேண்டும் என்று முடிவு செய்தேன்.

உயர்ரகம் என்ற சொல்லைப் பற்றி முதலில் ஒரு தெளிவு வேண்டும். பாஸ் கித்தாரில் அந்தச் சொல் இரண்டு வேறு உலகங்களைக் குறிக்கிறது. ஒன்று, பெரிய நிறுவனங்கள் தங்கள் முதன்மை ஆலையில் செய்யும் உயர்ந்த வரிசைகள். மற்றொன்று, ஒரு சிறிய பட்டறையில் சில கைவினைஞர்கள் வாங்குபவரின் பெயர் எழுதி வைத்துக்கொண்டு செய்து தருபவை. பின்னதன் வரலாறு 1969இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அலெம்பிக் பட்டறையிலிருந்து வருகிறது. 1983இல் புரூக்ளினில் தொடங்கிய ஃபொடெரா அந்த வழியின் உச்சங்களில் ஒன்று. ஃபொடெராவின் விலைக்கு எங்கள் ஊரில் நல்ல நிலையில் உள்ள பழைய கார் கிடைக்கும். ஃபொடெரா ஒன்றை ஒருமுறை ஈப்போவில் ஒரு நண்பரிடம் வாங்கிப் பத்து நிமிடம் வாசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தை வைத்து மதிப்பீடு எழுதுவது நேர்மையாகாது. எனவே இங்கே நான் விரிவாகப் பேசுவது எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வெள்ளி வரையிலான எல்லைக்குள் நான் உண்மையில் பழகிய நான்கு கித்தார்களைப் பற்றி மட்டுமே.

கடையில் அரை மணி நேரம் வாசித்து முடிவு செய்யும் வழியை நான் நம்பவில்லை. கோலாலம்பூரில் ஒரு கடையில் எனக்குக் கிடைத்த அனுபவம் அப்படிப்பட்டது. குளிரூட்டிய கண்ணாடி அறை. கித்தாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பில் அடிநாதக் குமிழ் ஏறக்குறைய முழுவதும் திருப்பப்பட்டிருந்தது. சுவரிலிருந்து எடுத்துத் தந்த கித்தாரில் தந்திகள் எவ்வளவு காலமாக இருந்தன என்று கேட்டதற்கு விற்பனையாளரிடம் பதில் இல்லை. அந்த அறையில் எல்லாமே பிரம்மாண்டமாக ஒலித்தன. எதையும் எதிலிருந்தும் பிரித்தறிய முடியவில்லை. பிறகு நான் செய்தது இதுதான்: பேரா முழுவதும் உள்ள தெரிந்த வாசிப்பாளர்களிடம் பேசி, நான்கு பேரிடமிருந்து நான்கு கித்தார்களை ஒவ்வொன்றும் மூன்று வாரம் என்று கடன் வாங்கினேன். உயர்ந்த பொருளை நம்பிக் கொடுத்த அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். நான்கிலும் ஒரே வகைப் புதிய நிக்கல் தந்திகளைப் போட்டேன்; நான்கையும் ஒரே ஆம்ப்பில், ஒரே மண்டப நிகழ்ச்சிகளில், ஒரே பாடல்களுக்கு வாசித்தேன்; நான்கையும் என் முன்னறைக் கொக்கியிலேயே இரவு முழுவதும் தொங்கவிட்டேன். கழுத்தின் வளைவை வாரம் இருமுறை அளந்தேன். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே தந்தியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவில், ஏழாம் எட்டாம் ஃபிரெட் பக்கம், தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் இயந்திரப் பணிமனையில் நாங்கள் பயன்படுத்தும் இடைவெளித் தகட்டை நுழைத்துப் பார்ப்பது முறை. 0.3 மில்லிமீட்டர் தகடு தந்தியைத் தூக்காமல் உரசிக்கொண்டு நுழைந்தால் என் விரலுக்கு அது சரியான வளைவு.

முதலில் வந்தது ஃபெண்டர் பிரிசிஷன். 2020இல் வெளியான அமெரிக்கன் புரொஃபெஷனல் இரண்டாம் வரிசை. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஃபிரெட் பதித்த கழுத்தால் சுருதி துல்லியமாக விழும் என்பதைக் குறிக்கவே அந்தப் பெயரை வைத்தார். அதுவரை தோளுக்கு மேல் நிற்கும் பெரிய டபுள் பாஸைச் சுமந்த வாசிப்பாளருக்கு, இது கையில் அடங்கும் 34 அங்குலத் தந்தி நீளத்தைக் கொடுத்தது. இன்றும் பெரும்பாலான பாஸ் கித்தார்களின் நீளம் அதுவே. 1957இல், தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் அதன் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிளந்து, ஒரு துண்டை இரண்டு தந்திக்கும் மற்றதை மற்ற இரண்டுக்குமாகச் சற்று முன்பின்னாக வைத்தார்கள். இரண்டு சுருள்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இது ஏதோ தொழில்நுட்ப நுணுக்கம் என்று படிப்பவர் நினைக்கக்கூடும். திருமண மண்டபத்தில் மணமேடையைச் சுற்றி நூற்றுக்கணக்கான விளக்குகள் எரிய, அவற்றை மங்கவைக்கும் கருவியும் நம் ஆம்ப்பும் ஒரே மின்வழியில் இணைந்திருக்கும் நிலையில் வாசித்தவர்களுக்கு அந்த அமைதியின் அருமை தெரியும்.

பிரிசிஷனைத் தனியாக வாசித்தால் அது பெரிதாகக் கவராது. வீட்டில் முதல் இரண்டு நாள் எனக்குச் சிறிது ஏமாற்றமாகவே இருந்தது. பளபளக்கும் மேல்நாதம் இல்லை. வயிற்றை அதிரவைக்கும் அடிநாதமும் இல்லை. நடுவில் தடித்த, சற்றே கரகரப்பான ஒரு குரல். ஆனால் மூன்றாம் நாள் கோலகங்சாரில் ஒரு மண்டபத்தில் இரண்டு கீபோர்டு, தபலா, டோலக், டிரம் பேட், உருமிக் குழுவினர் இருவர் என்று மேடை நிரம்பியிருந்தபோது, அந்தக் குரல் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்து உட்கார்ந்தது. கீபோர்டுக்காரரின் இடது கை, டோலக்கின் தொப்பி, உருமியின் இழுப்பு மூன்றுமே அடிநாதத்தில் இடம் பிடிப்பவை. அங்கே பாஸும் போய் முட்டினால் எதுவும் கேட்காது. சற்று மேலே, நடு அலைவரிசையில் நிற்கும் கருவியே ஒவ்வொரு சுரமாகக் காதில் விழும். எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பாஸ் வெறும் தாளக் காவலனாக நிற்பதில்லை; பாடகருக்கு எதிரில் இரண்டாவது மெல்லிசையாக நடந்துகொண்டே இருக்கும். அந்த நடையைப் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பிரிசிஷனின் அந்தக் கரகரப்பு வேண்டும். அன்று இரவு சாப்பாட்டுப் பந்தியில் ஒலி அமைப்பாளர் என்னிடம் வந்து, இன்றைக்கு உங்கள் குமிழைத் தொடவே இல்லை அண்ணே என்றார். அவர் வாயிலிருந்து அதை நான் அதுவரை கேட்டதில்லை.

கழுத்து? அதனுள் இரண்டு கிராஃபைட் கம்பிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. மூன்று வாரத்தில் ஒருமுறை, தொடர்ந்து நான்கு நாள் மழை பெய்தபோது, 0.3 தகடு தளர்வாக நுழைந்தது. தலைப்பகுதித் துளை வழியாகத் திருகுச் சாவியைச் சிறிது நகர்த்தியதும் சரியானது. அதன்பின் அசையவில்லை. எடை நான்கு கிலோவைச் சற்றுத் தாண்டும். நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கு அகலமான வார் போட்டால் தோள் தாங்கும்.

இரண்டாவது கித்தார் தைப்பிங்கிலிருந்து வந்த ஃபெண்டர் ஜாஸ் பாஸ், தொண்ணூறுகளில் செய்தது. நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்றான தைப்பிங்கில் இத்தனை ஆண்டு வாழ்ந்ததாலோ என்னவோ, அதன் கழுத்து என் வீட்டிலும் நிலைகொள்ளவில்லை. மூன்று வாரத்தில் நான்கு முறை திருகினேன். 1960இல் அறிமுகமான ஜாஸ் பாஸின் கழுத்து தலைப்பக்கம் 38 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகலானது; சிறிய கை உள்ளவர்களுக்கும் வேகமாக ஓடும் விரல்களுக்கும் இதைவிடச் சுகமானது வேறில்லை. இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்து வைத்தால் இரைச்சல் அடங்கும். தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் வைத்து அந்த மூக்கொலி போன்ற இனிய குரலைத் தேடினால், விளக்குகளின் உறுமல் கூடவே வந்து உட்காரும். ஒலிப்பதிவு அறைக்கு இது ராஜா. என் மேடைகளுக்கு இது வேண்டாம் என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

மூன்றாவதாக வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஸ்பெஷலைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் வாங்கப் போகிறேன் என்று இரண்டு வாரம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபெண்டர் நிறுவனத்தை விற்றுவிட்டு வெளியேறிய லியோ ஃபெண்டர் பின்னர் பங்கெடுத்த நிறுவனம் மியூசிக் மேன். 1976இல் வந்த ஸ்டிங்ரே, கித்தாருக்குள்ளேயே மின்கலத்தால் இயங்கும் ஒலிபெருக்கிச் சுற்றை வைத்துப் பெருமளவில் விற்கப்பட்ட முன்னோடிக் கருவிகளில் ஒன்று. 1984இல் எர்னி பால் அந்த நிறுவனத்தை வாங்கினார். 2018இல் ஸ்பெஷல் வரிசை வந்தபோது மூன்று முக்கியமான மாற்றங்கள் நடந்தன: பிக்கப்பில் நியோடிமியம் காந்தம், சுற்றுக்கு 18 வோல்ட், கழுத்துக்கு வறுத்த மேப்பிள்.

வறுத்த மரம் என்றால் என்ன என்பது கித்தா (ரப்பர்) மரங்களுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு எளிதில் புரியும். பால் வற்றி வெட்டிய கித்தா மரத்தை எங்கள் சிறுவயதில் அடுப்புக்குத்தான் போடுவார்கள். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், பலகையாக அறுத்தால் வளைந்து முறுக்கிக்கொள்ளும். அதே மரத்தை முறையாக மருந்திட்டுச் சூளையில் உலர்த்தத் தொடங்கியபின் அது மேசை நாற்காலியாகி உலகம் முழுவதும் ஏற்றுமதியாகிறது. மேப்பிளை வறுப்பது அதற்கும் ஒரு படி மேலே. காற்றுப் புகாத சூளையில் மிக அதிக வெப்பத்தில் வைத்து, ஈரத்தை மட்டுமின்றி ஈரத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும் மரத்தின் இயல்பையும் குறைத்துவிடுகிறார்கள். மரம் தேன் நிறத்துக்கு வரும். ஸ்டிங்ரேயின் கழுத்தை மூன்று வாரமும் அளந்தேன்; நான் திருகைத் தொடவே இல்லை. தொட வேண்டியிருந்தாலும் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஒரு சிறிய சக்கரம் வெளியே தெரிகிறது. ஒரு திருப்புளியைச் செருகித் தந்தியைத் தளர்த்தாமலே திருப்பலாம். பளபளப்பு வார்னிஷ் இல்லாமல் எண்ணெயும் மெழுகும் மட்டும் தேய்த்த பின்பக்கம் வியர்வையில் ஒட்டாது. எங்கள் நாட்டுக்காகவே யாரோ யோசித்துச் செய்தது போன்ற கழுத்து. நான்கில் சிறந்த கழுத்து எது என்று கேட்டால் தயங்காமல் இதையே காட்டுவேன்.

ஒலியும் அப்படித்தான்: தட்டினால் சாட்டை, அடித்தால் இடி. குத்துப் பாடல் தொடங்கியதும் இளைஞர்கள் மேடைப் பக்கம் ஓடி வந்தார்கள். ஆனால் மெல்லிசைக்கு வந்தபோது அதே சாட்டையொலி பாடகியின் குரலுக்கு முன்னால் போய் நின்றது. நடு அலைவரிசைக் குமிழைத் திருப்பித் திருப்பித் தேடினேன். பிரிசிஷன் தானாகக் கொடுத்த தடிப்பு கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய பாடம் இரண்டாம் வாரம் கிடைத்தது. இந்தக் கித்தாரில் மின்கலம் தீர்ந்தால் ஒலியே கிடையாது. மின்கலம் இல்லாமல் வாசிக்கும் வழி இதில் வைக்கப்படவில்லை. கேபிள் செருகியிருக்கும் வரை மின்கலம் செலவாகிக்கொண்டே இருக்கும். பல நாள் பயிற்சி முடிந்ததும் கேபிளைப் பிடுங்காமல் நான் கொக்கியில் மாட்டியிருந்தேன். அது என் தவறு. ஒரு கோயில் மேடையில், சரணத்தின் நடுவே, ஒலி முதலில் கிழிந்தது, பிறகு மெலிந்தது, பிறகு நின்றது. மாற்று மின்கலம் காரில் இருந்தது. கார் நிறுத்துமிடம் தேர் வடத்துக்கு அப்பால் இருந்தது. பாடல் முடியும் வரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். கவனமாக இருப்பவர்களுக்கு இது ஒரு குறையே அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு நிமிடம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

நான்காவது, சடோவ்ஸ்கி மெட்ரோலைன் ஐந்து தந்தி. ரோஜர் சடோவ்ஸ்கி நியூயார்க்கில் 1979இல் பட்டறை தொடங்கி, அங்குள்ள ஒலிப்பதிவுக் கலைஞர்களின் கித்தார்களைப் பழுதுபார்த்தும் திருத்தியும் பெயர் பெற்றவர். பாஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977ஆம் ஆண்டு ஜாஸ் பாஸைத் திருத்தியவரும் அவரே. 2020 முதல் மெட்ரோலைன் வரிசை ஜெர்மனியில் வார்விக் ஆலையில் உருவாகிறது. பார்வைக்கு ஜாஸ் பாஸ். ஆனால் இரைச்சல் வராத பிக்கப். உள்ளிருக்கும் சுற்றில் அடிநாதத்துக்கும் மேல்நாதத்துக்கும் தனித்தனிக் குமிழ் உண்டு. இரண்டும் கூட்ட மட்டுமே செய்யும், குறைக்காது. முதலில் இதை ஒரு குறையாக நினைத்தேன். இரண்டு நாளில் காரணம் புரிந்தது: எவ்வளவு தவறாகத் திருப்பினாலும் கித்தாரின் இயல்பான குரலைக் கெடுக்க முடியாது. மின்கலம் தீர்ந்தால் ஒரு குமிழை இழுத்து அது இல்லாமலே வாசிக்கலாம். வேலை செய்து பழகியவர் யோசித்தது என்பது ஒவ்வொரு இடத்திலும் தெரிகிறது. சுரங்கள் ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வு இல்லாமல், கழுத்தின் எந்த மூலையில் அழுத்தினாலும் ஒரே பருமனில் வந்தன. இதைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் என் வீடு வெறுமையாக இருந்தது.

அப்படியிருந்தும் ஏன் விட்டேன் என்றால், ஐந்தாவது தந்தியால். நம் குழுக்களில் ஐந்து தந்தி வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. மூன்று கட்டைச் சுருதியில் அமைந்த பாடலைத் தொண்டை சரியில்லாத பாடகர் இரண்டு கட்டைக்கு இறக்கச் சொன்னால், நான்கு தந்திக் கித்தாரில் அந்தக் கீழ்ச் சட்ஜமம் கிடையாது. ஒரு ஸ்தாயி மேலே போய் வாசிக்க வேண்டும், பாடலின் அஸ்திவாரம் ஆடிவிடும். ஐந்தாவதாக வரும், எல்லாவற்றிலும் தடித்த பி தந்தி அதைத் தீர்க்கிறது. ஆனால் நான்கு தந்திக் கித்தாரின் தடித்த ஈ தந்தி நொடிக்கு 41 அதிர்வு என்றால் பி தந்தி 31க்கும் சற்றுக் கீழே. நாங்கள் வாடகைக்கு எடுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகள் 40க்குக் கீழே தளர்ந்துவிடும். காது மேலிசைகளைக் கொண்டு அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். நல்ல கித்தாரில் அந்த மேலிசைகள் தெளிவாக இருப்பதால் சடோவ்ஸ்கியின் பி தந்தி 34 அங்குலத்திலேயே சுத்தமாகப் பேசியது. தந்தியை 35 அங்குலமாக நீட்டினால் இழுவிசை 6 விழுக்காடு கூடும் என்பதால் நீளமான கழுத்தே தீர்வு என்று வாதிடுவோர் உண்டு. நான் கேட்ட அளவில் நீளத்தைவிடக் கழுத்தின் விறைப்பே பெரிது. ஆனாலும் மண்டபத்தில் அந்தத் தந்தியின் கீழ் நான்கு சுரங்கள் எல்லோர் நெஞ்சிலும் ஒரு கலங்கிய அதிர்வாக மட்டுமே போய்ச் சேர்ந்தன. நான் கணக்கெடுத்துப் பார்த்தேன். மூன்று வாரத்தில் ஆறு நிகழ்ச்சிகளில் எனக்கு உண்மையில் தேவைப்பட்டது இரண்டு கட்டைச் சட்ஜமம் மட்டுமே, அதற்குக் கீழே எதுவுமில்லை. அந்த ஒரு சுரத்துக்காக ஒரு தந்தியைக் கூடுதலாகச் சுமந்து, இருபது ஆண்டாக நான்கு தந்திக்குப் பழகிய கட்டை விரலை மறுபடி பழக்க வேண்டியிருந்தது. இருபத்தைந்து வயதில் இருந்தால் மாறியிருப்பேன். புதிதாகத் தொடங்கும் தம்பிகளுக்குப் பணம் இருந்தால் சடோவ்ஸ்கியைத்தான் சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். வார்விக் நிறுவனத்தின் ‘தம்ப்’ (Thumb) கித்தாரைக் கையில் எடுத்ததும் கனம் தெரிந்தது. அதன் முனகல் அழகானது, ஆனால் தலைப்பக்கம் இழுக்கும், மெழுகு தேய்த்துப் பராமரிக்க வேண்டும். ரிக்கன்பேக்கர் 4003 ஒரு தனி மனிதரின் குரல் போன்றது. அந்தக் குரல்தான் வேண்டும் என்பவர் வேறு எதையும் வாங்கமாட்டார், வேண்டாதவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஃபிரெட்டுகளை விசிறி போல் சாய்த்து, தடித்த தந்திக்கு 37 அங்குலமும் மெல்லிய தந்திக்கு 34 அங்குலமும் கொடுக்கும் கனடாவின் டிங்வால், பி தந்திக் கேள்விக்கு நான் கண்டதில் மிகச் சிறந்த பதில். கனமான இசை வாசிப்போர் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பழைய கித்தார் வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பழைய பாணி நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் நம் வியர்வையில் பிசுபிசுக்கும். ரப்பர் பட்டை போட்ட தாங்கியில் நிறுத்தினால் அந்த ரப்பரே வார்னிஷைத் தின்று தழும்பு போட்டுவிடும். அடுத்து, விரற்பலகை ரோஸ்வுட் என்றால் அது எந்த ரோஸ்வுட் என்று கேளுங்கள். 2017 ஜனவரியில் எல்லா ரோஸ்வுட் வகைகளும் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஆனால் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் கடுமையான பட்டியலிலேயே இருக்கிறது. அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. அறுபதுகளின் கித்தாரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர் பணம் கட்டுவதற்கு முன்பே ஆவணத்தைக் கேட்க வேண்டும்.

நான் வாங்கியது பிரிசிஷன். கழுத்தில் ஸ்டிங்ரேயும், ஒலியின் சீரில் சடோவ்ஸ்கியும் அதை வென்றன என்பதை மேலே நானே எழுதியிருக்கிறேன். முடிவை மாற்றியது வேறொன்று. சுங்கை சிப்புட்டில் கித்தார் பழுதுபார்ப்பவர் இல்லை. ஈப்போவில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் உண்டு, அவரிடம் எப்போதும் வரிசை. உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை ஈரத்தில் கெட்டால் அதை அனுப்பி வாங்க மாதங்கள் ஆகும். அத்தனை மாதமும் ஒப்புக்கொண்ட திருமணங்கள் காத்திருக்கமாட்டா. பிரிசிஷனைத் திறந்தால் உள்ளே இருப்பது இரண்டு குமிழ், ஒரு மின்தேக்கி, சில கம்பிகள். ஒரு பற்றவைக்கும் கோலும் அரை மணி நேரமும் இருந்தால் மேடைக்குப் பின்னால் மேசை விளக்கில் வைத்து நானே சரிசெய்துவிடுவேன். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் பொருள் கெட்டுப்போனால் யார் தொடுவார், எத்தனை நாளில் தொடுவார் என்ற கேள்வியை நகரத்தில் இருப்பவர் பின்னால் வைக்கலாம். தோட்டப்புற ஊரில் இருப்பவர் அதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

மிச்சமிருந்த பணத்தில் ஈ தந்தியின் முறுக்காணியைக் கழற்றிவிட்டு ஹிப்ஷாட் நெம்புகோல் ஒன்றைப் பொருத்தினேன். கித்தாரின் தலைக்குப் பின்னால் கட்டை விரலால் தட்டினால் ஈ தந்தி ஒரு நொடியில் ஒரு முழுச்சுரம் இறங்கும். மூன்று கட்டை இரண்டாகும். எனக்குத் தேவையான அந்த ஒரே சுரம் அதில் கிடைத்துவிட்டது. முதல் நிகழ்ச்சியிலேயே அதற்கு வேலை வந்தது. இரண்டாவது பல்லவிக்கு முன் பாடகர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கையைக் கீழே காட்டினார்; கீபோர்டுக்காரர் தன் பொத்தானை அழுத்துவதற்குள் நான் தட்டிவிட்டேன், சட்ஜமம் அடியில் அகலமாக வந்து விழுந்தது. ஆனால் அடுத்த பாடலுக்கு நெம்புகோலை மேலே தள்ளியபோது தந்தி முழுதாகத் திரும்பவில்லை, மயிரிழை கீழே நின்றது. தலைப்பக்கப் பள்ளத்தில் தந்தி சிக்கியிருக்கிறது. மறுநாள் என் மகளின் பென்சிலை வாங்கி, கூர்முனையை அந்தப் பள்ளத்தில் நன்றாகத் தேய்த்து, கரித்தூள் படியவைத்து, மறுபடி தந்தியைப் போட்டேன். இருபது முறை இறக்கி ஏற்றிச் சுருதிக் கருவியில் பார்த்தேன். இருபது முறையும் சரியான இடத்துக்கே திரும்பி வந்தது.